தூண்டிற் பெட்டி

எமது பகுதி முஸ்லிம் ஊர்களிலே வீடு என்பது பெண்ணின் உடைமை. மகளுக்கென ஒரு வீட்டைக் கட்டி அதனைச் சீதனமாகக் கொடுப்பது கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களில் நெடுநாளைய வழக்கம். மாப்பிள்ளையாகப் புகுபவன் தன் உடுப்புப் பெட்டியொன்றைச் சுமந்து செல்வான், அவ்வளவே. நாம் புகுந்தபோது உடுப்புப் பெட்டியின் பின்னே ஓர் உரச் சாக்கும் சென்றது. எமது தூண்டிற் சாமான்கள் யாவும் அதனுள்ளே இருந்தன. மணம் முடிந்த நான்காம் நாள் எம் மனைவி அச்சாக்கை ஒரு விரலாற் சுட்டி, "இத எங்க வைக்கிற?" என்று கேட்டார்.

"எங்கயாவது ஒரு மூலையில" என்றோம். அது விடையன்று என்பதை விளங்கிக்கொள்ள எமக்குப் பல ஆண்டுகளும் ஒரு சிறுவனின் விரலும் செலவாயின. அக்கதையைச் சொல்லவே இன்று எழுதுகிறோம். தூண்டில் பிடிக்கும் பழக்கம் உள்ள குடும்பத்தினருக்கும், விடுமுறை நாட்களில் வாவிக்கரையை நாடும் மாணவர்க்கும் இதனால் ஒரு சிறு பயன் உண்டாகுமாயின் மகிழ்வோம்.

எமது ஊர்களின் அமைப்பை அறியாதோர்க்கு ஒரு சொல். கிழக்கே கடல், மேற்கே வயலும் வாவியும், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்திலே ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நெருங்கிக் கிடக்கின்றன. மட்டக்களப்பு வாவியின் தென்பகுதி கிட்டங்கி வரை நீண்டு வந்து எமக்கும் ஒரு பங்கு நீரைத் தருகிறது. ஆழ்கடலுக்குச் செல்வோரும் கரைவலை இழுப்போரும் தொழிலாளர். அவர்களுடைய கருவியும் கணக்கும் வேறு. நாமோ அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு தூண்டிலோடு வாவிக்கரையில் நின்று, மஃரிபுக்கு முன்னர் இரண்டொரு மீனோடு வீடு திரும்ப விரும்பும் கூட்டத்தைச் சேர்ந்தவர். எப்போதாவது இரவல் தோணி கிடைத்தால் கரையை விட்டுச் சற்றே அப்பாற் செல்வோம். எமது சாமான்களும் அவ்வளவுக்கு ஏற்றவையே: சில கைத்தூண்டில்கள், இரண்டு மூங்கிற் கம்புகள், பல அளவு முட்கள், ஈயத் துண்டுகள், மிதப்புக் கட்டைகள், ஒரு கத்தி.

இவை யாவும் அந்தச் சாக்கினுள் ஒன்றாய்க் கிடந்தன. ஒரு முள் வேண்டுமாயின் சாக்கைக் கவிழ்ப்போம். சிக்குண்ட நூல்களிலிருந்து அதனைப் பிரித்தெடுக்கக் கால்மணி நேரம் செல்லும். துருப்பிடித்த முள்ளையும் புதிய முள்ளையும் பிரித்து வைத்ததில்லை. ஒழுங்காக அடுக்கி வைப்பது வேலையற்றோர் வேலை என்றும், மீன் பிடிப்பதற்குக் கைப்பழக்கமும் பொறுமையும் போதும் என்றும் எண்ணியிருந்தோம்.

2003 ஆம் ஆண்டு. முந்திய ஆண்டு பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகியிருந்தது. அந்திப் பொழுதிலும் வாவியில் இருக்கலாம் என்ற துணிவு மக்களுக்குச் சிறிது சிறிதாக வந்துகொண்டிருந்தது. எம் தங்கையின் மகனுக்கு அப்போது 12 வயது. "மாமா, என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று பல நாளாக நச்சரித்தவனை ஒரு கச்சான் காலத்து மாலையில் தோணியில் ஏற்றிச் சென்றோம். சாக்கையும் தோணியின் நடுவே போட்டோம்.

பொழுது சாயும் வேளையில் அவனுடைய தூண்டிலை ஏதோ ஒரு பெருமீன் பற்றியது. கொடுவாவாக இருக்கலாம், திருக்கையாகவும் இருக்கலாம், அதனை நாம் கடைசிவரை காணவில்லை. சிறுவர் செய்யும் பிழையை அவனும் செய்திருந்தான்: நூல் கையிலிருந்து வழுவாதபடி அதனைச் சுட்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான். மீன் ஓட ஓடத் தங்கூசி நூல் இறுகியது. அவன் அலறினான்.

நூலை வெட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். கத்தி எங்கே? சாக்கினுள். சாக்கின் எவ்விடத்தில்? அது எமக்குத் தெரியாது. கையை விட்டுத் துழாவினோம். இரண்டு முட்கள் எமது கையைப் பிடித்துக்கொண்டன. சாக்கைக் கவிழ்த்தோம், அவிழ்ந்த நூலும் முள்ளும் ஈயமும் தோணியின் அடியெங்கும் பரவின. வெளிச்சமோ மங்கிவிட்டது. எழுந்து நின்றோம், தோணி ஒரு புறம் சரிந்து நீர் உள்ளே ஏறிற்று. மேலைக்காற்றும் அந்நேரம் பார்த்து வலுத்தது. எவ்வளவு நேரம் சென்றதென்று இன்று கூற இயலாது. ஒரு நிமிடமாகவே இருந்திருக்கலாம். கத்தி அகப்படுமுன் நூல் தானாகவே அறுந்தது.

விரல் எலும்புவரை வெட்டுண்டிருந்தது. எமது சட்டையாற் கட்டி, கரைக்கு வந்து, வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். தையல் போட்டு, ஏற்புவலித் தடுப்பூசியும் ஏற்றினார்கள். விரல் பிழைத்தது. ஆயினும் அதன் நுனிக் கணு அன்று முதல் மடங்குவதில்லை. தங்கை எம்மை ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்த எம்மை அயலிலிருந்த முதியவர் ஒருவர் மறித்தார். கரைவலைத் தோணியொன்றுக்குப் பல்லாண்டு தலைமை தாங்கியவர். ஊரில் எல்லாருக்கும் அவர் தண்டையல் காக்கா. சாக்கைக் கொண்டுவரச் சொன்னார். அதன் வாயை விரித்துப் பார்த்தார். கையை உள்ளே விடவில்லை. பிறகு சொன்னார்:

"தம்பி, கண்ணுக்கு மட்டும் கண் இரிந்தாப் போதாது. கைக்கும் கண் இரிக்கணும். இருட்டுல அதுதான் பார்க்கும்."

இவ்வொரு வாக்கியமே எமது பாடம். அழகுக்காகச் சாமான்களை அடுக்குவது வேறு. கண்ணை மூடிக்கொண்டு நீட்டினாலும் வேண்டிய பொருளிற் போய்ப் படும்படி கைக்கு வழி பழக்குவது வேறு. தண்டையல் காக்கா எமக்குக் கற்பித்தது பிந்தியதை. அவருடைய வாடியின் நிழலிலே பல வெள்ளிக்கிழமைகள் இருந்து அதனைக் கற்றோம்.

முதலாவதாக, ஒரு பன்பாயை விரித்துச் சாமான்கள் யாவற்றையும் அதன்மேற் கொட்டச் செய்தார். அவற்றை மூன்று குவியலாக்கினார். ஒன்று கரைக்கு, ஒன்று தோணிக்கு, மற்றையது எறிவதற்கு. மூன்றாவது குவியலே மிகப் பெரிதாயிருந்தது. அதைக் கண்டு நாணினோம். துருவேறிய முள்ளையும் பொருமிய நூலையும் நாம் சேமிப்பென்று எண்ணி வைத்திருந்தோம். "பெட்டிக்குள்ள பாதி குப்பை இரிந்தா, மற்றப் பாதியும் குப்பைதான்" என்றார் அவர்.

கரைக்கும் தோணிக்கும் ஏன் தனித்தனிப் பெட்டி? கரையில் நிற்பவன் நடப்பவன். மீன் படாவிட்டால் நூறடி தள்ளிப் போவான். ஆகவே அவன் சுமை குறைவாயிருத்தல் வேண்டும். தோளில் ஒரு பை, அதனுள் ஒரு சிறு பெட்டி, மீனுக்கு ஓர் உமல், அவ்வளவே. தோணியில் இருப்பவனோ நடப்பதில்லை. அவனுக்குப் பதிலாகத் தோணி அசைகிறது. அங்கே எந்தப் பொருளும் கட்டப்பட்டிருக்க வேண்டும். மூடியில்லாத பேணி ஒன்றும் தோணியில் ஏறலாகாது. கனமான பெட்டி இருக்கைப் பலகையின் கீழே, தோணியின் நடுவில் இருக்க வேண்டும். தண்ணீர் இறைக்கும் பேணியைக் கயிற்றாற் பிணைத்து வைக்க வேண்டும். அதுவும் நீரில் விழுந்துவிட்டால் எதனைக் கொண்டு இறைப்பது? அவிழ்ந்த நூல் காலடியிற் கிடக்கவே கூடாது. பயன்படாத தூண்டில் ஒவ்வொன்றும் தனக்குரிய கட்டையிற் சுற்றப்பட்டு, முள் கட்டையிற் செருகப்பட்டிருக்க வேண்டும்.

கத்திக்கு முதலிடம். தோணியில் அது இருப்பவனின் வலக்கைப்புறம், உறையினுள், ஒரு முழக் கயிற்றிற் கட்டி வைக்கப்படும். கரைப்பெட்டியில் வலப்புற மேல்மூலை அதற்குரியது. மீனை அறுக்க எடுத்தாலும் உடனே அவ்விடம் திரும்ப வேண்டும். "மற்றதெல்லாம் மீனுக்கு, இது மனுசனுக்கு" என்பார் தண்டையல் காக்கா. கத்திக்கு அடுத்தபடியாக அவர் எம்மை வாங்கச் செய்தது ஒரு மிதப்பங்கி. வாவிதானே என்று நாம் முணுமுணுத்தபோது, வாவியில் மூழ்குபவனுக்கும் மூச்சு ஒன்றுதான் என்றார்.

முட்களை எண்வாரியாகப் பிரித்தோம். மாணவர்க்கு இங்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். தூண்டில் முள்ளின் எண் பெருகப் பெருக முள் சிறிதாகும். எட்டாம் எண்ணைவிட நான்காம் எண் பெரிது. ஒன்றாம் எண்ணைத் தாண்டியதும் கணக்கு மாறி, ஒன்றின் கீழ்ச் சுழியம், இரண்டின் கீழ்ச் சுழியம் என எழுதி, எண் பெருக முள்ளும் பெருக்கும். இந்தக் குழப்பத்தாற் கடையிலே பிழையான முள்ளை வாங்கி வந்தோர் பலர். நாமும் அவருள் ஒருவர். இன்று உலகெங்கும் பெயர்பெற்ற முஸ்டாட் தொழிலகம் நோர்வே நாட்டிலே இயந்திரத்தால் முள் செய்யத் தொடங்கியது 1877 இல். அதற்கு முன்னர் முள் என்பது கைவேலைப் பண்டம். ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுக் குகையொன்றில், கடற்சிப்பியைத் தேய்த்துச் செய்த, ஏறத்தாழ 23,000 ஆண்டுப் பழமையான முட்களைக் கண்டதாக 2016 இல் ஆய்வாளர் அறிவித்தனர். அவ்வளவு பாடுபட்டு ஒரு முள்ளைத் தேய்த்தெடுத்தவன் அதனைச் சாக்கிற் போட்டு வைத்திருக்கமாட்டான் என்பது எமது துணிபு.

எமது முட்களுக்கு யோகட் கோப்பைகளும் மருந்துப் பேணிகளும் வீடாயின. மூடியின்மேல் எண்ணை எழுதுவது கண்ணுக்கு. கைக்கு என்ன செய்வது? தண்டையல் காக்கா மூடியின் விளிம்பிலே வெட்டுக் குறி இடச் செய்தார். சிறு முள்ளுக்கு ஒரு வெட்டு, நடுத்தரத்துக்கு இரண்டு, பெரிதுக்கு மூன்று. பெருவிரல் தடவினாலே போதும். நூலிற் கட்டிய முட்களைப் பழைய ரப்பர்ச் செருப்பிலிருந்து அறுத்த துண்டிலே வரிசையாகக் குத்தி வைக்கிறோம். கம்பின் நுனியில் தொங்கும் முள்ளுக்கும் அத்தகைய சிறு துண்டே உறை. கடைத்தெருவழியே கம்பைத் தோளில் வைத்து வருபவன் பிறர் கண்ணுக்கும் பொறுப்பாளி அன்றோ?

இனி உப்பைப் பற்றி. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. வாவி நீரில் அது பருவத்துக்கேற்பக் கூடும், குறையும். நீர் உலர்ந்தாலும் உப்பு உலர்ந்து போவதில்லை. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே நனைந்த முள் உலர்ந்த முட்களோடு ஒருபோதும் சேரலாகாது. எமது பெட்டியில் 'ஈரப் பேணி' என்று ஒன்று தனியே உண்டு. அன்றைக்குப் பயன்பட்டவை யாவும் அதனுட் போகும். வீடு வந்ததும் கிணற்று நீரிற் கழுவி, நிழலில் உலர்த்தி, எண்ணெய் தொட்ட துணியால் ஒற்றி, பின்னரே தத்தம் இடம் சேரும். எண்ணெய் என்பது தேங்காயெண்ணெய், மிகச் சிறிதளவு. மண்ணெண்ணெயில் துரு கழன்றுவிடும் என்பது உண்மையே. அதன் வாடை கையிலேறி இரையிலும் ஏறிவிடும். ஒவ்வொரு பேணியிலும் வறுத்த அரிசி சிறிதைத் துணியில் முடிந்து போடுகிறோம். எம் மனைவி உப்புப் போத்தலுக்குச் செய்யும் உபாயமே அது.

பித்தளைச் சுழலியையும் இரும்பு முள்ளையும் ஈரத்தோடு ஒரே பேணியில் இட்டால் முள் இருமடங்கு விரைவிற் கெடுவதைக் கண்டோம். காரணம் பாடசாலைப் புத்தகத்தில் இருக்கிறது. 1800 ஆம் ஆண்டிலே இத்தாலிய அறிஞர் வோல்ற்றா, இருவகை உலோகத் தகடுகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த துணியை வைத்து அடுக்கி மின்னோட்டத்தைப் பெற்றார். உப்புநீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றையதற்காகத் தன்னை இழக்கும். எமது ஈரப் பேணியும் ஒரு சிறு வோல்ற்றா அடுக்கே. இழப்பது முள்.

நூலுக்குப் பகை வேறு. எம் மூத்தாப்பாமார் காலத்தில் நூல் பருத்தி. அது நீரில் இற்றுப்போகாதபடி பனிச்சங்காய்ச் சாறேற்றிக் காய வைப்பார்கள். 1935 இல் அமெரிக்காவிலே நைலோன் உருவாக்கப்பட்டது. அதன்பின் தங்கூசி நூல் எம் கரைகளுக்கும் வந்து பருத்தியை ஒழித்தது. நைலோனுக்கு ஈரத்தில் இற்றுப்போகும் பயம் இல்லை. வெயிலே அதன் எதிரி. முற்றத்துக் கம்பியில் மாதக்கணக்காகத் தொங்கிய நூல் பார்வைக்கு நூலாகவே இருக்கும். மீன் இழுத்ததும் அறும். ஆகவே நூல் மூடிய பெட்டியில் இருக்க வேண்டும். சிறிய கட்டையில் இறுக்கிச் சுற்றினால் அது சுருளாகவே நின்றுவிடும். அகன்ற கட்டையில் தளர்வாகச் சுற்ற வேண்டும். குட்டை நூல்களுக்கு மருதமுனைக் கைத்தறி நண்பரொருவர் தந்த பழைய நூற்குழல்களை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் முள்ளுக்கு அண்மையில் ஒரு பாகத்தை விரலால் உருவிப் பார்த்து, கீறல் தட்டுப்பட்டால் அவ்வளவையும் வெட்டிவிடுகிறோம்.

வெட்டிய துண்டு எங்கே போகும்? முன்னெல்லாம் வாவியில் எறிந்தோம். ஒருநாள் நீர்க்காகம் ஒன்று காலிற் சுற்றிய தங்கூசியோடு கண்ணாமரத்தில் தொங்கக் கண்டபின் அதை விட்டோம். இலங்கையில் தங்கூசி வலைக்கு 2006 இலே தடை வந்தது. தூண்டில் நூலுக்குத் தடை இல்லை. ஆயினும் பறவையின் காலுக்கு இரண்டும் ஒன்றே. பெட்டியின் இடப்புற மூலையில் ஒரு வெற்றுப் போத்தல் இருக்கிறது. நூற்றுண்டுகள் அதனுட் போகின்றன.

ஈயத்தைக் குறித்துத் தாய்மார்க்கு ஒரு வார்த்தை. பழைய பற்றரிகளை உடைத்து ஈயத்தை அடுப்பில் உருக்கிக் குண்டு வார்க்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதன் புகையும் தூளும் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். சமையலறையில் அதனைச் செய்யவே கூடாது. இங்கிலாந்திலே அன்னப் பறவைகள் தூண்டிற்காரரின் சிறு ஈயக் குண்டுகளை விழுங்கி மடிந்தமையால், 1987 முதல் அத்தகைய குண்டுகளுக்குத் தடை விதித்தனர். எமது ஈயம் தனியான தகரப் பேணியில், குழந்தைகளின் கைக்கெட்டாத உயரத்தில் இருக்கிறது. அதனைத் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் உண்பதில்லை. மீந்த இரையும் பெட்டியினுள் வைக்கப்படுவதில்லை. எறும்பும் பூனையும் அதனைத் தேடி வரும். பூனையின் வாயில் முள் தைத்தால் எடுப்பது எளிதன்று. மனிதர் உடலில் ஆழத் தைத்தாலும் இழுத்துப் பிடுங்க முயலாது வைத்தியரிடம் செல்வதே முறை. முள்ளின் நுனியிற் பின்னோக்கி நிற்கும் கூர், உள்ளே போனதைவிட மோசமாக வெளியே வரும்.

இவ்வாறு 2004 ஆம் ஆண்டு மழைக்காலம் வரையில் எமது பெட்டிகள் இரண்டும் ஒழுங்காகிவிட்டன. வாடைக்காற்றுத் தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களிலே சாமான்களைக் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டு அடைத்து வைப்பது வழக்கம். தண்டையல் காக்காவும் தம்முடையவற்றைக் கடற்கரையோரத்து வீட்டில் அடுக்கி வைத்திருந்தார்.

அந்த டிசம்பர் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையிலே மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டந்தான். 10,000 பேருக்கு மேல். மருதமுனை முதல் நிந்தவூர் வரை கரையோரத்துத் தெருக்கள் மணலாயின. அன்று எமக்கு நேர்ந்தவற்றை இங்கு விரித்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. இவ்வூர்களிலே அதனை அறியாத வீடும் இல்லை. தண்டையல் காக்காவின் வீடு, வாடி, தோணி, பெட்டி யாவும் போயின. உறவினர் பலரும் போயினர். அவர் உயிரோடு ஒரு பாடசாலை முகாமில் இருந்தார். ஒருவரோடும் பேசுவதில்லை என்றார்கள்.

2005 இன் தொடக்கத்தில், எமது மனத்துக்குத் தோன்றியதைச் செய்தோம். வள்ளமும் வலையும் கொடுக்க நிறுவனங்கள் வந்துகொண்டிருந்தன. நாம் கல்முனைக் கடைத்தெருவில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும், சில முட்களும், நூலும், ஈயமும் வாங்கிக்கொண்டு போனோம். தங்கை மகனும் உடன் வந்தான். விரல் வெட்டுண்ட நாள் முதல் அவன் தூண்டிலைத் தொட்டதில்லை.

பெட்டியை அவர் முன்னே வைத்தோம். வெகுநேரம் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை தானாகவே அசையத் தொடங்கியது. சிறு முள் இங்கே, பெருமுள் அங்கே, நூல் கீழே, ஈயம் நடுவில். பார்வை பெட்டியில் இல்லை. கடற்பக்கத்துச் சுவரில் இருந்தது. எல்லாம் வைத்து முடித்தபோது வலப்புற மேல்மூலை மாத்திரம் வெறுமையாக இருந்தது. கத்தி வாங்க நாம் மறந்துவிட்டோம். அவர் அவ்விடத்தை வேறெதனாலும் நிரப்பவில்லை. விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மூடியை அடைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தங்கை மகன் எம்மை அழைத்துக்கொண்டு அங்கே போனான். தன் கைச்செலவுக் காசில் வாங்கிய சிறு கத்தியொன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். மடங்காத சுட்டுவிரலை நீட்டியபடியே மூடியைத் திறந்து, அம்மூலையில் அதனை வைத்தான். தண்டையல் காக்கா அவன் விரலைப் பிடித்துப் பார்த்தார். "நோகுதா மகன்?" என்று கேட்டார். முகாமுக்கு வந்தபின் அவர் முதலிற் பேசியது அதுதான் என்று அருகிலிருந்தோர் பின்னர் எமக்குச் சொன்னார்கள்.

பெட்டியைக் கடல் கொண்டுபோகலாம், கொண்டும் போயிற்று. கைக்குள் இருந்த ஒழுங்கை அதனாற் கொண்டுபோக இயலவில்லை. இன்று அவர் இல்லை. அவர் அடுக்கிய முறையிலேயே எம் தங்கை மகன் தன் பெட்டியை அடுக்குகிறான். தூண்டில் பிடிப்பதில் எம்மிலும் வல்லவன் ஆகிவிட்டான். நூலை விரலிற் சுற்றுவதில்லை. தன் மகளையும் சுற்ற விடுவதில்லை.

எம் மனைவியின் கேள்விக்கு என்ன விடையென்று வாசகர் கேட்கலாம். எமது பெட்டிகள் ஒழுங்கானபின், பின் விறாந்தையிலே, சமையலறைச் சுவருக்கு வெளிப்புறம், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு பலகைத் தட்டை அவரே அடிப்பித்துத் தந்தார். கம்புகளைத் தொங்கவிட இரண்டு ஆணிகளும் கிடைத்தன. "இது உங்கட இடம்" என்றார். பெண்ணுக்குரிய வீட்டிலே எமக்கெனக் கிடைத்த நிலம் அந்த ஆறடிப் பலகை. அதன் எல்லையைத் தாண்டி ஒரு முள்ளும் விழாது காத்து வருகிறோம்.

2022 இல் நாட்டிலே எரிபொருள் இல்லை. மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையிற் கிடந்தன. மின்வெட்டு ஒரு நாளிற் 13 மணித்தியாலம் வரை நீண்டது. தூண்டிலைப் பொழுதுபோக்காகக் கொண்ட எம்போன்றோருக்கு அது கறிக்கு வழியாயிற்று. அத்தகைய இரவொன்றில் நாம் இஷாத் தொழுது இருட்டில் வீடு வந்தபோது, எம் மனைவி விறாந்தையில் நின்றுகொண்டிருந்தார். அரிசிச் சாக்கின் தையலை அறுக்க ஏதோ வேண்டியிருந்தது. விளக்கு இல்லை, எம்மையும் அவர் கேட்கவில்லை. கையை உயர்த்தித் தட்டிலிருந்த பெட்டியைத் திறந்து, வலப்புற மேல்மூலையிலிருந்து கத்தியை எடுத்து, தையலை அறுத்து, மீண்டும் அம்மூலையிலேயே வைத்து மூடினார்.